அழகாத்திரியை யார் கூப்பிடுவது?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளே, ஊசி போடுவதையும் எடை பார்ப்பதையும் கை கழுவுவதையும் பயிற்சியிலேயே உயிரை வாங்கிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் மறுபடி ஆரம்பித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். உங்களுக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன். ஆகவே பயிற்சியில் யாரும் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளையின் பெயரை எப்படி உச்சரிப்பது?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் இப்படித்தான் சிரித்தேன். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். போகிற வருகிற ஊர்க்காரர்களையெல்லாம் ‘வாங்கண்ணே, வாங்க மாமா, வா தாயி’ என்று கூப்பிட்டே வளர்ந்தவள். எனக்கா கூப்பிடத் தெரியாது என்ற நினைப்போடு மலையேறினேன்.

முதலில் கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. தங்கமான மனுஷி. ஆனால் நம் ‘ழ’வுக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. ஒருநாள் பூம்பாறையிலிருந்து ஒருத்தி குழந்தைவேலு என்ற கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டரம்மா அறைக்குள் இருந்து, “குலாண்டிவேலூ! குலாண்டிவேலூ!” என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் வராந்தாவில், தோட்டத்தில், குழாயடியில் எல்லாம் தேடினோம். அந்தத் தாயும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து தேடினாள். “பாவம், யார் பெத்த பிள்ளையோ, எங்க போச்சோ” என்று கண் கலங்கினாள். மதியம் வரை தேடினோம்.

அங்கே இருந்த மூத்த சிஸ்டர் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “பேரை நீயா வாசிக்காதடி. பெத்தவ எப்படிக் கூப்பிடுறான்னு காதுல வாங்கு. அவ வாயில வர்ற மாதிரியே நீயும் சொல்லு. பிள்ளை தானாத் திரும்பும்.”

நல்ல யோசனை. பல வருஷம் எனக்குச் சோறு போட்ட யோசனை. கிளாவரையில் ஒரே ஒரு வீட்டில்தான் அது பல்லை இளித்துவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என்னை மன்னவனூருக்கு மாற்றினார்கள். சுற்றியுள்ள ஊர்களெல்லாம் என் பொறுப்பு. கேரளத்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் கிளாவரைதான் கடைசி. பை, குடை, கம்பளி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, பூண்டு மூட்டை ஏற்றி வரும் மட்டக்குதிரைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்து போய்ச் சேர்ந்தால் அந்த ஊரின் பெரிய வீடு கண்ணில் படும். பெரிய வீடு என்றால் அந்த ஊருக்குப் பெரியது. அடுப்புக்கு மேலே பரண் முழுக்கப் பூண்டு புகையில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வீட்டுக்குள் போய்விட்டு வந்தால் இரண்டு நாளைக்கு உங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

வீட்டுக்காரர் பெயர் அழகாத்திரி. ஊருக்குப் பெரியதனம், அதாவது ஊர்த் தலைவர். நெடுநெடுவென்ற ஆள், கம்பளி போர்த்தியிருப்பார். குரல் இருக்கிறதே, இந்தச் சரிவில் நின்று அவர் தும்மினால் எதிர்ச் சரிவில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நிலத்தைவிட, பூண்டைவிட அவருக்குப் பெருமை அந்தப் பெயர்தான்.

“இந்த மலை பூராத் தேடுங்க நர்சம்மா. இன்னொருத்தனுக்கு இந்தப் பேரு இருந்தா நான் மீசையை எடுத்துர்றேன்” என்றார் முதல் நாளே. “ஆனா சரியாச் சொல்லணும். நாக்கை மடிச்சு, அ-ழ-காத்திரி. ளகாத்திரி, அலகாத்திரின்னு எவனாச்சும் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். எங்க, சொல்லுங்க பாப்போம்.”

நான் முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டேன். மனிதர் முகம் வாடிவிட்டது. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்றால் அவர் என்னதான் செய்வார்? அடுத்த தடவை போனபோது வேண்டுமென்றே, “அலகாத்திரி ஐயா இருக்காங்களா?” என்றேன். உட்கார வைத்து, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டிச் சொல்லிக் கொடுத்து, வெல்லக் காப்பியும் அவித்த உருளைக்கிழங்கும் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் ஒருநாளும் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. ஒருமுறை ‘அழுகாத ராத்திரி’ என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு இரண்டாவது காப்பியும் வந்தது.

அவருடைய ஒரே மகன் தங்கராசு, மருமகள் காமாயி. அவர்களுக்கு முதல் பிள்ளை ஆண். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அழகாத்திரி என்றே வைத்தார்கள். ஆனால் பெரியவர் கூடவே ஒரு கட்டளையும் போட்டுவிட்டார். செல்லப் பெயர் எதுவும் கூடாது. அவருடைய அண்ணன் வீட்டில் இப்படித்தான் ஒரு நல்ல பெயரை வைத்துவிட்டு ‘குட்டான், குட்டான்’ என்று கொஞ்சப்போய், அந்தப் பிள்ளை மீசை முளைத்து, கல்யாணம் முடிந்து, இன்னும் குட்டானாகவே இருக்கிறானாம். “என் பேரு குட்டானாப் போகக் கூடாது” என்றார். அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

பிள்ளை பிறந்த சில மாதத்தில் ஒரு காலையில் போயிருந்தேன். காமாயியின் மாமியார் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நர்சம்மா, அவுக ராத்திரி பூராத் தூங்கலங்க. சும்மா சும்மா பாயை நனைச்சிடுறாக.”

பெரியவர் வெளியே குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, “இந்த வயசுல சில பேருக்கு அப்படி வரும். வெட்கப்பட வேண்டாம். சர்க்கரை இருக்கான்னு பார்க்கணும்” என்றேன்.

“வெட்கமா? அவுகளா? நேத்து என் மடியில ஒக்காந்துக்கிட்டே போயிட்டாக.”

காமாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். அங்கிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் மாமியார் தொட்டிலைக் காட்டினாள். பிள்ளைக்குப் புருஷன் பெயர் அல்லவா? அதனால் அவளுக்கு அந்தக் கைக்குழந்தையும் ‘அவுக’தான். ‘அவுக பாலு குடிச்சாகளா’, ‘அவுகளுக்குப் பொறத்தாலே கழுவி விடு’ என்றுதான் பேச்சு. வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே மன்னவனூர் வந்து சேர்ந்தேன்.

பையனுக்கு இரண்டு வயது தாண்டியது. அந்தச் சமயத்தில் அம்மை குத்துவதற்காகக் கொடைக்கானலிலிருந்து ஒரு டாக்டர் மன்னவனூர் வந்தார். நாலு ஊர் ஜனமும் கூடிவிட்டது. பெரியவர் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழியில் கண்டவர்களிடமெல்லாம் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் சிறு வயசுக்காரர், கலகலப்பானவர். “அழகாத்திரி, இங்கே பாருடா!” என்றார். பையன் பார்க்கவில்லை. குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை கூப்பிட்டார். ம்ஹூம். பெரியவர் தன் குரலில், “ஏலே அழகாத்திரி!” என்று ஒரு போடு போட்டார். கூட்டத்தில் அத்தனை பேரும் திரும்பினார்கள், குதிரைகள்கூடத் திரும்பின. பையன் மட்டும் திரும்பவில்லை.

டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “ரெண்டு வயசாச்சு, இன்னும் தன் பேரு தெரியலையா?” என்று எல்லார் காதிலும் விழ வாய்விட்டுக் கேட்டுவிட்டார். தங்கச்சிகளே, இதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். சந்தேகம் என்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்ட கேள்வி கேள்வியாக நிற்காது, ஊர் சுற்றி வரும்போது தீர்ப்பாகிவிடும். அன்று சாயங்காலமே கிளாவரைப் பெரியவர் பேரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரெல்லாம் பேச்சு.

கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் வெள்ளனே காமாயி பிள்ளையோடு என் வாசலில் வந்து நின்றாள். பிள்ளைக்குச் சளி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளாம். பையன் மூக்கு சுத்தமாக இருந்தது. இவள் மூக்குதான் அழுது அழுது சிவந்திருந்தது.

“என்னத்தா?”

“நர்சம்மா, மாமா எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பாச்சலூருல இன்னொரு பொண்ணு பாத்துட்டாக. அவுக தங்கச்சி மகளாம். வர்ற வெள்ளிக்கிழமை அவ அப்பாரு வந்து பேசி முடிக்கிறாரு. என்னையும் பிள்ளையையும் எங்க ஆத்தா வீட்டுக்கு அனுப்பிருவாக.”

ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று அப்போதே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கிளாவரைக்கு ஏறி வர அந்தச் சட்டத்துக்கு மட்டக்குதிரை கிடைக்கவில்லை.

“உன் வீட்டுக்காரன் என்ன சொல்றான்?”

“அவுக என்ன சொல்லுவாக? அப்பன் முன்னால அவுகளுக்குப் பேச்சே வராது. ‘நாய்க்குட்டிகூட ஒரு வாரத்துல தன் பேரத் தெரிஞ்சிக்கிடுது, இவனுக்குத் தெரியல. என் பேரு வெளங்கணும்னா இன்னொரு பேரன் வேணும்’னு மாமா சொல்றாக. எம் பிள்ளை மட்டியா நர்சம்மா? நீங்க பாத்துச் சொல்லுங்க.”

இதற்குள் அந்த மட்டி என்ன செய்தான் தெரியுமா? நான் பிஸ்கட் வைத்திருந்த டப்பாவைக் கண்டுபிடித்து, மூடி திறக்காததால் அதைத் தரையில் உருட்டி, சுவரில் மோதி, திறந்து, இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அந்த டப்பாவை எனக்கே திறக்க வராது.

“இவனுக்கா புத்தி மட்டு? எங்கே, நீ பேர் சொல்லிக் கூப்பிடு, நான் பார்க்கிறேன்” என்றேன்.

காமாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

“கூப்பிடுத்தா.”

“நான் எப்பிடிங்க கூப்பிடுறது? மாமா பேருல்ல.”

“சரி, உன் மாமியார்?”

“புருசன் பேரச் சொல்லுவாகளா?”

“உன் வீட்டுக்காரன்?”

“பெத்த அப்பன் பேரு. சொன்னா நாக்கு அழுகிரும்னு பயப்படுவாக.”

“அக்கம்பக்கம்?”

“எல்லாரும் மாமாவுக்குச் சொந்தந்தான. அவுக வீட்டு வாசல்ல நின்னு அவுக பேரச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?”

“பின்னே பிள்ளையை என்னதான் சொல்லிக் கூப்பிடுறீங்க?”

“நான் நாக்கைத் தட்டுவேன். அத்தை ‘இந்தாங்க’ம்பாக. எங்க வீட்டுக்காரவுக கையைத் தட்டுவாக.”

“அப்போ இந்தப் பேரை யார்தான் சொல்றது?”

“மாமாதான். காட்டுக்குப் போயிட்டு வந்தா எப்பயாச்சும் வாசல்ல நின்னு ஒரு தடவ சொல்லுவாக. இவன் பயந்து கட்டிலுக்கு அடியில போயிருவான்.”

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு பெயரை வைத்துவிட்டு, அதைச் சொல்லக்கூடிய வாயையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு, பிள்ளைக்கு அது தெரியவில்லை என்று குறை சொல்கிறார்கள்! காமாயி முதலில் என்னை முறைத்தாள். பிறகு அவளுக்கும் புரிந்து, அழுதுகொண்டே சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது. ஆனால் ‘ஐயா, கோளாறு பிள்ளையிடம் இல்லை, உம்மிடம்’ என்று அந்த மனிதர் வீட்டில் நின்று சொன்னால் அன்றோடு என் சோலி முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு பெண் பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டாள், கூப்பிட விடவும் மாட்டார்கள். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற திருப்தி எனக்குக் கிடைக்கும், காமாயிக்கு என்ன கிடைக்கும்? யோசித்தேன். கடைக்காரர் வீட்டுப் பெண் நான். வாங்குகிறவர் எதை வாங்க ஆசைப்படுகிறாரோ அதற்குள் நம் சரக்கை வைத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

கிளாவரையில் ஒரு பெண்ணுக்கு மாதம் நிறைந்திருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அங்கேயே போய்த் தங்கினேன். பெரியவரைப் பார்த்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன்.

“ஐயா, பிள்ளைக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோளாறு பேருல இருக்கு.”

“என் பேருலயா?” கம்பளி சரிந்து விழுந்தது.

“கனமான பேருங்க. கந்தன், முருகன்னா சட்டுனு ஏறிடும். இது அப்படியா? சின்னக் காது தாங்கணும்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். அதுவும் அந்தப் பேருக்கு உரியவங்க வாயாலதான் ஏத்தணும். வேற யார் சொன்னாலும் பலிக்காது.”

மனிதர் மீசையைத் தடவிக்கொண்டார். பெயர் கனம் என்று சொன்னதிலேயே பாதி விழுந்துவிட்டார். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால், பிள்ளைக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்ல வேண்டும் என்று மருந்து எழுதாத குறையாகச் சொல்லிவிட்டேன்.

முதல் வேளை. பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். “அழகாத்திரி!”

பரணிலிருந்து பூண்டுத் தோல் உதிர்ந்தது. பையன் கட்டிலுக்கு அடியில்.

“பாத்தீகளா?” என்றார். “ஒண்ணும் ஏறாது. மட்டிதான்.”

“நீங்க பேரச் சொல்லலிங்க, ஏலம் விடுறீங்க.”

தங்கராசு மெல்ல எழுந்து வெளியே போய்விட்டான். பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பை, குடை எல்லாம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்களை யாரு பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க?”

“என்னையா? எவன் கூப்பிடுவான்? பெரியவரேம்பான், மாமாம்பான், அண்ணேம்பான்.”

“சின்னப் பிள்ளையில?”

அவர் கையில் இருந்த கருப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்காத்தா கூப்பிடும்” என்றார் கடைசியில்.

“எப்படிக் கூப்பிடுவாங்க?”

“அதெல்லாம் எதுக்கு இப்ப?”

“மருந்துக்குத்தான்.”

சுற்றிலும் பார்த்தார். “எல்லாரும் வெளிய போங்க” என்றார். மாமியாரும் காமாயியும் போனார்கள். கதவைச் சாத்தியது நான்தான். எவ்வளவு சாத்தினேன் என்று கேட்காதீர்கள். வெளியே போன இரண்டு பேருக்கும் உள்ளே பேசுவது கேட்காமல் போய்விடக் கூடாதே என்ற கவலை எனக்கு இருந்தது.

பெரியவர் தொண்டையைச் செருமினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கூப்பிட்டார்.

“அளாத்ரீ... ஏ அளாத்ரீ...”

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிற மகனைக் கஞ்சி குடிக்க வரச் சொல்லிக் கூப்பிடுகிற குரல் அது. கடைசி எழுத்து மேலே ஏறிப் போய் நின்று, மெல்ல இறங்கியது. நாக்கை மடித்துச் சொல்ல வேண்டிய ‘ழ’ எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. மலையில் அத்தனை பேரையும் திருத்தின மனிதருக்கு, அவரைப் பெற்றவள் ஒருநாளும் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னதே இல்லை. எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பையன் தவழ்ந்து வந்து, கருப்பட்டியை வாங்கிக்கொண்டு, தாத்தாவின் மடியில் ஏறி உட்கார்ந்தான். மூன்றாம் நாளில் கருப்பட்டி இல்லாமலே திரும்பினான். பெரியவரும் ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் கூப்பிட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் கதவை அதே மாதிரிதான் சாத்தினேன்.

“அப்ப பாச்சலூர்க்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிடலாமா?” என்று கேட்டேன்.

“அதெப்பிடி? நானாப் போயிப் பிள்ளை மட்டின்னு சொல்லிப் பொண்ணு கேட்டவன். இப்ப நானே மாத்திப் பேசினா என்னைய மட்டிம்பாக. வரட்டும். அவுக முன்னால கூப்பிடுறேன். இவன் திரும்பினா, மச்சானே எந்திரிச்சுப் போயிருவாரு. திரும்பலைன்னா, பேசின பேச்சு பேசினதுதான்.”

வெள்ளிக்கிழமை பாச்சலூர் மச்சான் இரண்டு பேரோடு வந்து சேர்ந்தார். கம்பளி விரித்து உட்கார வைத்தார்கள். பையன் நடுவீட்டில் ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்து வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். காமாயி அடுப்படிக் கதவுக்குப் பின்னால். கதவிடுக்கில் அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன.

“மச்சான், பிள்ளைக்கு இப்பக் கொஞ்சம் தேவலை. பாருங்க” என்றார் பெரியவர்.  கூப்பிடுங்கள் ஐயா, அந்தக் குரலில் கூப்பிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் வாயைத் திறந்தார். சம்பந்தம் பேச வந்தவர்களைப் பார்த்தார். மீசையில் கை போனது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அழகாத்திரி!”

பெரியதனத்தின் குரல். ‘ழ’ அத்தனை சுத்தம். பையன் கோழிக்குஞ்சை விட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். திரும்பவில்லை.

“ஏலே, அழகாத்திரி!”

பையன் கட்டிலைத் தேடினான். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “விடுங்க மச்சான். பாவம், அது என்ன செய்யும்? நாம பேச வேண்டியதப் பேசுவோம்” என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, தவிப்புதான் இருந்தது. எப்படிக் கூப்பிட்டால் திரும்புவான் என்று அவருக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் அந்தக் குரலை எடுக்க அவரால் முடியவில்லை. நான் கூப்பிட்டிருப்பேன். ஆனால் அரசாங்கத்து நர்ஸ் பழக்கிவைத்தது என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக் கதவைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

கதவிடுக்கில் இருந்த விரல்கள் காணாமல் போயின.

“அளாத்ரீ... ஏ அளாத்ரீ...”

காமாயியின் குரல். மாமனார் பெயர், புருஷன் முன்னால், மாமியார் முன்னால், சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால், மலை முழுக்கக் கேட்கும்படி. கடைசி எழுத்து ஏறிப் போய் நின்று, மெல்ல இறங்கியது. ஒவ்வொரு வேளையும் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துப் பாடம் செய்தவள் அல்லவா, ஒரு நூல் பிசகவில்லை.

பையன் திரும்பினான். குடுகுடுவென்று அடுப்படிக்கு ஓடினான்.

“என்னாத்தா?” என்று ஒரு பதில் வந்தது.

பதில் சொன்னவர் பெரியவர். பாதி எழுந்துவிட்டார், கம்பளி கீழே கிடந்தது.

 மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். காமாயி பிள்ளையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசற்படியில் நின்றாள். செய்ததென்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பாச்சலூர் மச்சான் பையனைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், “யாரைக் கூப்பிட்டுச்சு இந்தப் பொண்ணு?” என்றார்.

 பெரியவர் கம்பளியை எடுத்து நிதானமாகப் போர்த்திக்கொண்டு, “பாச்சலூருக்கு ரொம்ப தூரம் போகணும்ல மச்சான். வெரசாச் சாப்பிட்டுக் கெளம்புங்க” என்றார். தங்கராசு பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அப்பன் முன்னால் வாயைத் திறந்து, “நான் எலை போடுறேன்” என்றான்.

எல்லாரும் எழுந்தார்கள். பெரியவர் மட்டும் அடுப்படி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார்.

“ஏத்தா.”

“மாமா...” காமாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “தெரியாமச் சொல்லிட்டேன் மாமா.”

“இன்னொரு தடவ கூப்பிடு.”

பிள்ளை அவள் இடுப்பில்தான் இருந்தான். கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காமாயி அவனை ஒருமுறை பார்த்தாள், அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

நான் அப்போது பரணில் காய்ந்த பூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிகளே, இப்படி ஒரு நேரத்தில் நீங்கள் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் நீங்களும் மேலே பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.